நாலு மணி நேர மாத்திரையா, ஒன்றரை நாள் மாத்திரையா?

கடையில் கூட்டம் இருக்கும்போது விறைப்பு மாத்திரையை யாரும் கேட்பதில்லை. சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பாட்டி போகட்டும், பால் பவுடர் வாங்க வந்த பெண் போகட்டும் என்று ஓரமாக நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் இருமல் மருந்து விளம்பரத்தை மூன்று தடவை படிப்பார்கள். ஆள் குறைந்ததும் போனை நீட்டுவார்கள். அதில் ஒரு அட்டையின் படம் இருக்கும். சிலர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். மதுரையில் 22 வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். மாத்திரையின் பெயர்கள் மாறியிருக்கின்றன, கேள்வி மாறவில்லை. "இதுல எதுண்ணே நல்லது?"

அதற்கு நின்ற நிலையில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லை நான் பயன்படுத்தப் போவதில்லை. முழங்கால் வலி வந்தவனை யாரும் மனிதன் குறைந்தவன் என்று சொல்வதில்லை. இது விறைப்புக் குறைபாடு, அவ்வளவுதான்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு தண்டுகள் உண்டு. ஆசை எழும்போது அங்குள்ள நரம்பு நுனிகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும். அதன் தூண்டலில் சிஜிஎம்பி என்ற பொருள் உண்டாகும். அது தசையைத் தளர்த்தும், ரத்தம் பாயும், பஞ்சு உப்பும். உப்பிய பஞ்சு வெளியே போகும் சிரைகளை நெரித்துக்கொள்வதால் ரத்தம் அங்கேயே தங்கும். எல்லாம் முடிந்ததும் பிடிஇ5 என்ற நொதி அந்த சிஜிஎம்பியைச் சிதைத்துவிடும், பழைய நிலை திரும்பும்.

சில்டெனாஃபில், டடாலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில் என்ற இந்த மாத்திரைகள் எல்லாமே அந்த நொதியைத்தான் கட்டிப்போடுகின்றன. ஆசையை இவை உண்டாக்குவதில்லை. தூண்டுதலே இல்லாமல் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது, தலைவலி மட்டும் மிஞ்சும்.

முதலில் வந்த சில்டெனாஃபில், இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் ஆய்வுக்கூடத்தில் நெஞ்சுவலிக்காகத் தேடப்பட்ட மருந்து. நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. பரிசோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன 'பக்கவிளைவு'தான் 1998 மார்ச்சில் அமெரிக்க அனுமதியோடு வயாக்ரா என்ற நீல மாத்திரையாக வந்தது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்களில் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1998-ல்தான். நெஞ்சுவலியில் தொடங்கிய கதை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கேதான் வரப்போகிறோம்.

எதை வைத்து ஒப்பிடுவது

வருகிறவர்கள் இரண்டு விஷயம்தான் கேட்பார்கள். எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு விலை. நான் பார்க்கும் வரிசை வேறு. ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது முதலில். இதயமும் ரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன என்பது இரண்டாவது. அப்புறம்தான் நேரம், சாப்பாடு, பக்கவிளைவு, காசு.

முதல் கேள்விக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இரவு பத்து மணி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார், 58 வயது இருக்கும். "தம்பி, அந்த நீல மாத்திரை ஒண்ணு குடு, நூறு மில்லி" என்றார். அவர் வீட்டு மாதாந்திர மருந்துப் பட்டியல் எனக்கு மனப்பாடம். வாங்க வருவது அவர் மகள்.

"அண்ணே, பர்ஸைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார். ஆதார் அட்டைக்குப் பின்னால், நாலாக மடித்த அட்டையில் சின்னச் சின்ன மாத்திரைகள். சார்பிட்ரேட். நைட்ரேட் என்ற வகை மருந்து, நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைப்பது. அதை ஒரு மாத்திரை என்றே அவர் கணக்கில் வைத்திருக்கவில்லை. "அது அவசரத்துக்குத்தானே தம்பி, தினமும் போடுறது இல்லையே" என்றார்.

அந்தச் சின்ன மாத்திரை உடலுக்கு நைட்ரிக் ஆக்சைடைக் கொடுத்து ரத்தக்குழாய்களைத் திறக்கிறது. விறைப்பு மாத்திரையோ அதனால் உண்டாகும் சிஜிஎம்பியைச் சிதையவிடாமல் தடுக்கிறது. குழாயை முழுசாகத் திறந்து வடிகாலையும் அடைத்த கதைதான். உடம்பு முழுக்க ரத்தக்குழாய் தளர்ந்து, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின், நிக்கோராண்டில் என்ற பெயர்களில் எது உங்கள் பட்டியலில் இருந்தாலும், தினமும் போட்டாலும் பர்ஸில் சும்மா இருந்தாலும், விறைப்பு மாத்திரை எதுவுமே கூடாது. இதில் பேரமில்லை. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்குத் தரும் ரியோசிகுவாட்டுக்கும் இதே விதிதான்.

மேலை நாட்டு விருந்துகளில் 'பாப்பர்ஸ்' என்று முகரும் திரவமும் நைட்ரேட்டுக்கு உறவான நைட்ரைட் வகைதான். அதையும் இதையும் சேர்த்தால் இதே விபத்து.

இரண்டாவது கேள்விக்குச் சில எல்லைகள். கடந்த 6 மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்த அழுத்தம் 90/50-க்குக் கீழே அல்லது 170/110-க்கு மேலே இருப்பவர்கள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு பிடிப்பவர்கள், மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது. விழித்திரை பரம்பரையாகப் பழுதாகும் நோய் உள்ளவர்களும் அப்படியே. புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு டாம்சுலோசின், பிரஷருக்குப் பிரசோசின் சாப்பிடுபவர்களுக்குக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள், எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டும் என்பதால். பூஞ்சைக்குத் தரும் கீட்டோகொனசோல், இட்ராகொனசோல், தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் போன்றவை இந்த மருந்து ஈரலில் கரைவதைத் தடுக்கும். 50 போட்டால் 100 போட்ட மாதிரி ஆகிவிடும். படர்தாமரைக்கு மாத்திரை சாப்பிடுவதை ஒரு மருந்து என்றே யாரும் சொல்வதில்லை, அதனால் நானே கேட்டுவிடுவேன்.

ஒரே பார்வையில்

| | சில்டெனாஃபில் | டடாலாஃபில், தேவைக்கு | டடாலாஃபில், தினமும் | அவனாஃபில் |
|---|---|---|---|---|
| வழக்கமான அளவு | 25, 50, 100 மி.கி. | 10, 20 மி.கி. | 2.5, 5 மி.கி. | 50, 100, 200 மி.கி. |
| வேலை தொடங்க | 30 முதல் 60 நிமிடம் | அரை மணி முதல் 2 மணி நேரம் | சில நாளில் நிலைக்கும் | சுமார் 15 முதல் 30 நிமிடம் |
| நிற்கும் நேரம் | சுமார் 4 மணி நேரம் | 36 மணி நேரம் வரை | எந்நேரமும் | சுமார் 6 மணி நேரம் |
| எண்ணெய்ச் சாப்பாடு | தாமதப்படுத்தும் | பாதிக்காது | பாதிக்காது | பெரிதாகப் பாதிக்காது |
| தனித் தொல்லை | பார்வையில் நீலச் சாயல் | முதுகு, தொடை வலி | லேசான முதுகுவலி | தலைவலி |
| நைட்ரேட் தருவதற்கு முன் இடைவெளி | 24 மணி நேரம் | 48 மணி நேரம் | 48 மணி நேரம் | 12 மணி நேரம் |

'நிற்கும் நேரம்' என்றால் அத்தனை நேரமும் விறைத்தே இருக்கும் என்று பயந்தவர்களும் உண்டு, ஆசைப்பட்டவர்களும் உண்டு. அந்த நேரத்துக்குள் தூண்டுதல் வந்தால் உடல் ஒத்துழைக்கும் என்றுதான் பொருள். கடைசி வரியில் உள்ள இடைவெளியும், நெஞ்சுவலியோடு போகும் ஒருவருக்கு எப்போது நைட்ரேட் தரலாம் என்று மருத்துவர் பார்க்கும் கணக்கு. நீங்களே வீட்டில் கணக்குப் போட்டு மாற்றி மாற்றிச் சாப்பிடுவதற்கான அனுமதிச்சீட்டு அது கிடையாது.

சில்டெனாஃபில்: பழகிய கை

இது மலிவு, எந்தக் கடையிலும் இருக்கும், மருத்துவர்களுக்கும் நன்றாகப் பழக்கப்பட்டது. இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லாததால் நம் ஊர்க் கம்பெனிகள் சீக்கிரமே இதைச் செய்யத் தொடங்கின, விலையும் அப்படியே இறங்கியது. பெரும்பாலும் 50-ல் தொடங்குவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஈரல், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் 25. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது.

இதன் மறைமுகச் செலவு சாப்பாடு. பரோட்டாவும் சால்னாவும் ஒரு பிடி பிடித்துவிட்டு மாத்திரை போட்டால், அது ரத்தத்தில் ஏற இன்னொரு மணி நேரம் பிந்தும், முழு வீரியமும் ஏறாது. மறுநாள் என்னிடம் வந்து "டூப்ளிகேட் குடுத்திட்டியேப்பா" என்பார்கள். முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும். கூடவே நாலு பெக் போயிருந்தால் மீதிப் பாதிக்கும். மதுவே விறைப்பைக் கெடுக்கும், பிரஷரையும் இறக்கும்.

இன்னொரு செலவு, கடிகாரம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய சங்கடம். பிள்ளைகள் தூங்கட்டும், அம்மா டிவியை அணைக்கட்டும் என்று காத்திருக்கும் வீட்டில், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்ட மாத்திரை வீணாகும் கவலையே விறைப்பைக் கொன்றுவிடும். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை சாதாரணம். விழித்திரையில் இருக்கும் உறவுக்கார நொதி ஒன்றையும் இது லேசாகத் தொடுவதால்தான் நீலச் சாயல். இரவில் லாரி, வேன் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் முறை முயல்பவர், உடலில் வேறு சிக்கல் இல்லாதவர், எப்போதாவது தேவைப்படுபவர் ஆகியோருக்கு இதுதான் சரி. வேண்டாத விளைவு வந்தாலும் அன்றைக்கே இறங்கிவிடும் என்பது இதற்குள்ள பெரிய நல்ல குணம்.

டடாலாஃபில், தேவைப்படும்போது: வெள்ளி இரவு முதல் ஞாயிறு காலை வரை

2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ரத்தத்தில் பாதியாகக் குறையவே 17.5 மணி நேரம் ஆகிறது. சில்டெனாஃபிலுக்கு இதே கணக்கு சுமார் 4 மணி நேரம். பிரியாணி சாப்பிட்டிருந்தாலும் கவலையில்லை, கடிகாரமும் பார்க்க வேண்டாம். வெளியூரில் வேலை செய்து வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது இதனால்தான்.

நீளமே இதன் பலவீனமும். முதுகுவலி, தொடைவலி வந்தால் பெரும்பாலும் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும், இரண்டு நாள் இருக்கும். பெட்டியைத் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார்கள். அதைவிட முக்கியம், சனிக்கிழமை இரவு போட்ட மாத்திரை திங்கள் இரவு வரைகூட உடம்பில் இருக்கிறது. ஞாயிறு மதியம் நெஞ்சு வலித்தால் என்ன நடக்கும்? வீட்டில் பதறிப்போய் யாரோ ஒருவர் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பார். அல்லது அவசரப் பிரிவில் வைப்பார்கள். மாத்திரை போட்ட விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், நீங்களோ பேசும் நிலையில் இல்லை.

மனைவிக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். மருத்துவமனையில் கேட்டால் "சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒண்ணு போட்டேன்" என்று மணியோடு சொல்லுங்கள். அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள்.

டடாலாஃபில் 5, தினமும் ஒன்று

வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு மருத்துவர் இதை எழுதலாம். புரோஸ்டேட் வீங்கி ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறவர்களுக்கு இது இரட்டை லாபம். அந்தத் தொல்லைக்கும் 2011 முதல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி உண்டு. மாத்திரைக்கும் படுக்கைக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த அம்சம். காலையில் பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

செலவு மாதம் முழுக்க ஓடும். உடம்பில் மருந்து இல்லாத நாளே கிடையாது என்பதால் நைட்ரேட் ஆபத்தும் எந்நேரமும் கூடவே இருக்கும். இதயக் கோளாறு வரக்கூடியவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்தத் தினசரி முறை ஒத்துவராது.

வார்டெனாஃபில், அவனாஃபில்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வார்டெனாஃபில் நேரக் கணக்கில் சில்டெனாஃபிலின் தம்பி. இதயத் துடிப்பின் மின்கணக்கை லேசாக நீட்டும் என்பதால் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், அதற்கு மருந்து சாப்பிடுபவர்கள் தவிர்க்க வேண்டும். அவனாஃபில் 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இளையது, சீக்கிரம் வேலை தொடங்கும். விலை கூட, எல்லாக் கடையிலும் இருக்காது. மற்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அட்டையில் இரண்டு பெயர் இருந்தால்

சில்டெனாஃபில் அல்லது டடாலாஃபிலோடு டபாக்சிட்டின் சேர்த்த மாத்திரைகள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. டபாக்சிட்டின் விந்து முந்துவதற்கான மருந்து. அது வேறு பிரச்சினை. உங்களுக்கு இருப்பது ஒன்று மட்டும்தான் என்றால் இன்னொன்றின் பக்கவிளைவை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? எழுந்ததும் மயங்கி விழுவது அதன் தெரிந்த தொல்லை. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சேரவே சேராது.

லேகியம், சூரணம், 'சுத்த மூலிகை'

பஸ் ஸ்டாண்ட் சுவர்களில், கழிப்பறைக் கதவுகளில் இந்த நோய்க்கு இருக்கும் விளம்பரம் வேறெந்த நோய்க்கும் கிடையாது. சிட்டுக்குருவி லேகியம் என்ற பெயரைக் கேட்காத தமிழன் இல்லை. இப்படி விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. சுவருக்குச் சட்டம் தெரியாது போல.

முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போய் நாடி பார்த்து மருந்து வாங்குபவர்களைப் பற்றி நான் பேசவில்லை. லேபிள் இல்லாத டப்பாவைப் பற்றிப் பேசுகிறேன். ஒருவர் மூக்கடைப்புக்குச் சொட்டுமருந்து கேட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது, தலைவலி வேறு. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. பேச்சுக் கொடுத்ததில் முந்தின இரவு ஒரு 'மூலிகை உருண்டை' சாப்பிட்டதாகச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் கேட்டதாம். சிவந்த முகம், மூக்கடைப்பு, தலைவலி, ஒரு மணி நேரம். மேலே சில்டெனாஃபில் பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லை, அதனால் சந்தேகம் என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் 'மூலிகை' என்று விற்ற பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

அட்டையில் வாங்கினால் 50 என்றாவது தெரியும். உருண்டையில் 20 இருக்கிறதா 200 இருக்கிறதா என்று உருட்டியவருக்கே தெரியாது. சார்பிட்ரேட் சாப்பிடுகிற ஒருவர், "இங்கிலீஷ் மருந்துதானே ஆகாது, இது மூலிகை" என்று இதை நம்பிப் போவார். இந்த ஒப்பீட்டில் யாருக்கும் நான் சிபாரிசு செய்யாத ஒரே வழி இதுதான்.

மாத்திரையே கூடாதவர்களுக்கு

வெற்றிடப் பம்பு என்று ஒன்று உண்டு. குழாய்க்குள் காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைத்து, அடியில் ஒரு வளையம் மாட்டுவது. வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. கொஞ்சம் குளிர்ச்சியாக, ஒட்டாத மாதிரி இருக்கும் என்பார்கள், பழகக் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் ரத்தத்தில் எந்த மருந்தும் கலப்பதில்லை, ஒருமுறை வாங்கினால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். அடுத்து, சிறுநீர்ப்பாதை மருத்துவர் (யூராலஜிஸ்ட்) கற்றுத்தந்து உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி. புரோஸ்டேட் அறுவையில் நரம்பு பழுதானவர்களுக்கும் இது கேட்கும். எதுவுமே பலிக்காவிட்டால் உள்ளே தண்டு பொருத்தும் அறுவை. நிரந்தரத் தீர்வு, திரும்பிப் போக வழியில்லை.

புதிதாகக் கல்யாணமான 25, 26 வயதுப் பையன்கள் வந்து 100 மில்லிகிராம் கேட்பது தனிக்கதை. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இருக்கிறது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன, பயம்தான் தடுக்கிறது. அதற்கு மாத்திரையைவிட மனநல ஆலோசனைதான் சரி.

அட்டை வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய்கள் 3 முதல் 4. கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். 40, 50 வயதில் புதிதாக விறைப்புக் குறைந்தால், அது சில வருடத்துக்குப் பின்னால் வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், தேவைப்பட்டால் காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) என்று பார்த்துவிடுவது நல்லது. சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளுமே இதற்குக் காரணமாக இருப்பதுண்டு. அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் மாற்றித் தருவார். சட்டப்படி இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கிறோம் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

எந்த மாத்திரையானாலும் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தள்ளிப்போட்டால் உள்ளே திசு செத்து, நிரந்தரமாகவே விறைப்பு போய்விடும். திடீரென்று ஒரு கண் மங்கினாலோ காது கேட்காமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

அந்த ஷட்டர் இரவுக்காரர் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேறு கடையில் வாங்கியிருப்பாரோ என்று ஒரு மாதம் எனக்கு உறுத்தல். அப்புறம் ஒரு நாள் வந்தார். இதய டாக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாராம். மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பம்பைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் அது இல்லை, சொல்லி வரவழைத்தேன். செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, பில்லில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"பம்புன்னே எழுது தம்பி. வீட்டுல யாராச்சும் பாத்தா தண்ணி மோட்டார்னு நினைச்சுக்கட்டும்."